அப்பாவின் நோயாளிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி குறை ஒன்றுமில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்படி இல்லையென்றால் இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து படி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்த நாட்டு மருந்தாளர் உரிமப் பரீட்சையில் நீ தேறிவிட்ட செய்தி வந்த நாளிலிருந்து உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால் அவர் வெளியே போன நேரம் பார்த்து, தையல் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். இத்தனை மாதமாக நடந்ததில் உன் காதில் விழுந்தது பாதிதான். போனுக்கு இந்தப் பக்கம் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும், அதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது.

நீ இரண்டாவது தடவையும் தவறிப்போய் அழுதாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். எழுத்துத் தேர்வு அத்தனையும் முதல் தடவையிலேயே முடித்தவள் நீ. உடலியக்கம், மருந்தியல், மருந்துக் கணக்கு, அந்த நாட்டு மருந்துச் சட்டம் என்று நீ சொல்லிச் சொல்லி, திரைச்சீலைத் துணிகளின் பெயர்களைப் போல அந்தப் பாடங்களின் பெயர்களும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. கடைசிப் பகுதிதான் உன்னைப் படுத்தியது. நோயாளியாக நடிக்கும் ஓர் ஆளை எதிரே நிறுத்தி, நீ அவரிடம் எப்படிப் பேசுகிறாய் என்று ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்களாமே, அது. "பாடமெல்லாம் வருதும்மா, எதிர்ல ஆள் வந்து நின்னா பாடம்தான் வாயில வருது, பேச்சு வரமாட்டேங்குது" என்றாய். எப்படி வரும். இங்கே இருந்தவரை நீ மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் குப்பிகளோடு வேலை பார்த்தவள், குப்பிகள் உன்னிடம் தலைவலி என்று சொன்னதில்லை. நோயாளி சொல்வதைக் கேட்பதற்கு முன்பே மருந்தைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிடுகிறாய் என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் உட்கார விடுவார்கள், அதுவும் போனால் இப்போது வேலை பார்க்கும் கிடங்கிலேயே மருந்துப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஒன்றைத் திறந்து ஒருவர் கையில் கொடுக்க உனக்கு உரிமை கிடையாது என்று நீ சொன்னாய்.

வீட்டில் யாரையாவது நோயாளியாக வைத்துப் பழகு என்று உன் அறைத்தோழி யோசனை சொன்னாள், நீ என்னைக் கேட்டாய். நானும் சரி என்று உட்கார்ந்தேன். நீ மரியாதையாக "வாங்க, சொல்லுங்க" என்று ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் தலைவலி, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை போட்டேன், போன மாதம் எதிர்வீட்டுக்காரிக்கும் இதே மாதிரி வந்து எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "அம்மா, நான் கேக்கறதுக்கு ஒண்ணாவது மிச்சம் வையேன்" என்று நீ நொந்துபோனாய். சரி, எனக்கு இது ஒத்துவராது என்று போனை அப்பாவிடம் நீட்டினேன்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே காலத்தைக் கழித்தவர். மேலே கண்ணாடிக் கேபினில் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்பவனோடு கையசைப்பில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே பழக்கம். உன்னோடு போனில் பேசுவதும் உனக்குத் தெரிந்ததுதான். சாப்டியா, உடம்பு பரவாயில்லையா, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன். அவ்வளவோடு தீர்ந்தது. அன்றைக்கும் போனை வாங்கி "தலைவலி" என்றார், நிறுத்திவிட்டார். நீயும் காத்திருந்தாய், அவரும் காத்திருந்தார், லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். பிறகு நீயே "எப்பலேருந்துங்க?" என்றாய். "கொஞ்ச நாளா." "எந்த இடத்துல?" "தலையில." வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார், என்ன மாத்திரை என்றதற்கு "வெள்ளை" என்றார். நான் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நீ விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, அவரிடமிருந்து பல் பிடுங்குவது போலப் பதிலைப் பிடுங்கினாய். முடிந்ததும் என்னிடம் "அம்மா, இவருதாம்மா நிஜ நோயாளி, எனக்கு வேண்டிய ஆளு இவருதான்" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். அவர் பேசவில்லை என்றுதானே இத்தனை வருஷமும் நாம் இருவரும் குறைப்பட்டுக்கொண்டோம். அதுவே உனக்குப் பாடமாகப் போய் நின்றது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், உனக்கு அங்கே வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் வேளை, அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள், சட்டை எதற்கு என்றேன். "கடைக்குப் போறப்ப சட்டை போடாம போவாங்களா" என்றார். தலைவலியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, அவருக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். அதற்காக அவர் என்ன செய்தார் தெரியுமா, தெருமுனை மருந்துக்கடைக்கு உள்ளே சுவரோரம் ஒரு பெஞ்சு கிடக்குமே, அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனிப்பதுதான் வேலை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு மருந்துக்கடை அம்மாவே வந்து, "ஐயா, தினமும் வந்து உக்கார்றீங்க, ஒண்ணும் வாங்க மாட்டேங்கறீங்க, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டிருக்கிறார். இவர் "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நோயாளி தேடிட்டிருக்கேன்" என்றாராம். அந்த அம்மா ஓரடி பின்னால் போய்விட்டார். அப்புறம் அப்பா உன் பரீட்சை விவரமெல்லாம் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தியிருக்கிறார். அந்த அம்மா நல்லவர், ஒரு நிபந்தனை போட்டார், யாருடைய நோயையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது, ஆளை மாற்றி, தொழிலை மாற்றித்தான் சொல்ல வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னாராம், "கேக்க வந்தது ஒண்ணா இருக்கும், முதல்ல கேக்கறது வேற ஒண்ணா இருக்குங்க. உங்க பொண்ணு அதுக்குப் பழகணும்."

இப்படித்தான் அப்பாவின் குரலில் அந்த பேக்கரிக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். சளிக்கு ஒரு கடையில் ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு இன்னொரு கடையில் இன்னொரு மாத்திரை, இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து என்று தெரியாமல் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்த மனிதர். அவருக்குப் பிறகு சங்கீத டீச்சர் வந்தார், ரத்த அழுத்த மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று பொடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிறுகிறுவென்று வருகிறது என்றவர். நீ அவருக்குச் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையற மாத்திரைங்க, நீங்க பொடிச்சா நாள் பூராவுக்கும் உண்டானது ஒரேயடியா இறங்கிடும்." அப்பா போனை வைத்த பிறகும் ஜன்னலைப் பார்த்தபடி, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்த நாட்களில் ஒரு மாதிரி ஆகிவிட்டது, சொன்னால் சிரிப்பாய். மத்தியானங்களில் ஒரு பெரிய கூடத்துக்கான வெள்ளைத் திரைகள் தைத்துக்கொண்டிருந்தேன், மெல்லிய துணி, கொடியில் போட்டால் அறை முழுவதும் பால் கலந்த வெளிச்சமாகிவிடும். மின்விசிறிக் காற்றில் அது உப்புவதும் தாழ்வதுமாக இருக்கும், நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கண் அசந்துவிடுவேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பேக்கரிக்காரர் வருவார், புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும், கைக்குட்டையால் வாயைப் பொத்தி மெதுவாக இருமுவார். சங்கீத டீச்சர் வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர் தெரியாத இன்னும் சிலரும் வருவார்கள், யாரும் பேச மாட்டார்கள், யாருக்கும் அவசரம் இருக்காது, எல்லோரும் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ வருவாய் என்று காத்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். பயமே இருக்காது, வேண்டியவர்கள் வந்து வீடு நிறைந்திருப்பது போல ஒரு நிம்மதி. விழித்தால் துணிதான் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் டீ போடும்போது ஒரு டம்ளர் கூட வைத்துவிட்டேன். இன்னொரு நாள் நினைப்பில்லாமல் அப்பாவிடம் "அந்த பேக்கரிக்காரருக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்துவிட்டு "இன்னும் இல்ல, மாவு பறக்குதில்ல" என்றார். ஒரு தடவை வாத்தியப் பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கிறுகிறுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் அளவுக்குப் போய், நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. பரீட்சைக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒருநாள் நீ வாங்க சொல்லுங்க என்று ஆரம்பிக்கவில்லை. "அப்பா, இன்னைக்கு நோயாளி வேண்டாம். நான் பரீட்சைக்குப் போகலை. பேரை வாபஸ் வாங்கிடறேன், கிடங்கு வேலையே போதும்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அப்பா சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், நீ ஊருக்குக் கிளம்பிய அன்றும் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதானே. அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, திரைத்துணியில் பட்டு அவர் முகமெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்புறம், "கடை மூடிட்டீங்களாம்மா?" என்றார்.

உன் பக்கத்தில் எங்கோ ஒரு பஸ் நின்று கிளம்புவது கேட்டது. பிறகு நீ, "இல்லீங்க, திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்றாய்.

"தூக்கம் வரலை" என்றார். நீ உன் வழக்கப்படி எப்போதிலிருந்து என்று கேட்டாய். எந்த நோயாளியாக வந்தாலும் அதற்குக் கொஞ்ச நாளா என்பதுதான் அவர் பதில். அன்றைக்கு "என் பொண்ணு ஊருக்குப் போனதிலேருந்து" என்றார். பக்கத்திலேயே படுத்திருக்கிறேன், இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. நான் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள், அவர் சத்தம் காட்டாமல் விழித்துக் கிடந்திருக்கிறார். நீ அப்பா என்று கூப்பிட்டுவிடுவாய் என்று நினைத்தேன், நீ கூப்பிடவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். படுத்ததும் வரவில்லையா, நடுவில் விழிப்பு வருகிறதா என்று கேட்டாய். சாயங்காலம் டீ குடிப்பீர்களா என்று கேட்டாய். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டாய், எல்லாவற்றுக்கும் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு "படுத்திருக்கறப்ப மனசுல என்ன ஓடுதுங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாய். அவரும் வெகு நேரம் சும்மா இருந்தார். நீ அவசரப்படவில்லை, வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, அப்படியே இருந்தாய். அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். "கண்ணை மூடினா மேல கேபின்ல இருக்கேன். கீழ ஒரே கூட்டம், எல்லாரும் சின்னச் சின்னதா போறாங்க. அதுல அவளும் இருக்கா. எந்தப் பக்கம்னு தெரியலை. தேடறதுலயே விடிஞ்சிடுது."

நீ பார்க்காததை நான் சொல்கிறேன். அதைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அந்த உயரத்திலிருந்து நிஜமாகவே கீழே பார்ப்பவர் போலத் தலையைக் குனிந்திருந்தார். நீ மூச்சை இழுத்து விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. அதன் பிறகு, "இதுக்கு மாத்திரை வேண்டாங்க" என்று தொடங்கி, சாயங்காலத்துக்கு மேல் டீ கூடாது, தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறு அறையில் போய் உட்காருங்கள், காலையில் வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் நடங்கள் என்று நிதானமாகச் சொன்னாய். கடைசியில், "உங்க பொண்ணு எங்க இருக்காங்கன்னு அவங்களையே கேளுங்க. ரூம் எப்படி, ஜன்னல்லேருந்து என்ன தெரியும், எந்த வழியா வேலைக்குப் போறாங்கன்னு கேளுங்க. தெரிஞ்சுட்டா தேட வேண்டியிருக்காது. அப்பவும் தூக்கம் வரலைன்னா திரும்ப வாங்க" என்றாய். அவர் "கேட்டா சொல்லுவாளா?" என்றார். சொல்வார்கள் என்றாய். நன்றிம்மா என்று சொல்லி போனை வைத்தவர், சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஜன்னலருகே நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் நீ எதுவும் நடக்காதது போல வாங்க சொல்லுங்க என்று ஆரம்பித்தாய், வாபஸ் பேச்சை நீயும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்புறம் நீ பரீட்சைக்குப் போனதும், எதிரே வந்த ஆள் ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதும், உனக்குக் கொஞ்சமும் பதற்றமில்லாமல் காத்திருந்து கேட்க முடிந்ததும் நீயே சொன்ன கதை. முடிவு வந்த அன்று நான் அழுதேன், அப்பா மருந்துக்கடை அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

அவர் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறார். சாயங்காலம் நான் டீயை நீட்டினால் "அந்தம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்று கையை உயர்த்திவிடுகிறார். காலையில் நடந்துவிட்டு வருகிறார். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ரூமும் வேலைக்குப் போகும் வழியும் அவருக்கு மனப்பாடம். இப்போது அவர் விடுகிற குறட்டையில் எனக்குத்தான் தூக்கம் போயிற்று, அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்.

நீ இனிமேல் நாள் முழுவதும் கவுண்டரில் நிற்க வேண்டும், செருப்பு வாங்குவதில் சிக்கனம் பார்க்காதே, கால் வலித்தால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும், மருந்து வாங்க வருகிறவர்களுக்கு அது நல்லதல்ல. உன் அறைத்தோழிக்கு என் நன்றியைச் சொல். உன் ஜன்னலின் அளவு அனுப்பு, கண்ணளவு போதாது, டேப் வைத்து அள, எந்தத் திசையில் வெளிச்சம் வருகிறது என்றும் எழுது, அந்த வெள்ளைத் துணியில் மிச்சம் இருக்கிறது. உன் கைபட்ட மருந்து யாருக்கும் கேடு செய்யாமல் இருக்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல், மனம் தளராமல், நிறைந்த ஆயுளோடு இரு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முடிவு வந்த பிறகு அப்பா உன்னிடம் பழையபடி சாப்டியா என்று கேட்டுவிட்டு போனை என் கையில் கொடுத்துவிடுகிறார், கவனித்திருப்பாய். ஆனால் அந்த நேரத்துக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவது மட்டும் நிற்கவில்லை. நேற்று பொறுக்க முடியாமல், உட்கார்றீங்களே, பேசினா என்ன என்று கேட்டுவிட்டேன். "நான் என்னன்னு போறது? அப்பவும் தூக்கம் வரலைன்னாத்தானே திரும்ப வரச் சொன்னாங்க. எனக்குத்தான் வந்துடுச்சே" என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான், அது உன் கடை. குணமானவர்களும் வரலாம் என்றால் அவரிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா